முப்பத்தொன்றாம் வட்டம்

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இதைப் படிக்கிற உங்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் நிறுத்த மாட்டோம் என்பதால் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயதில், ஒரு மழைக்காலம் முழுக்க, என் அப்பா இன்றைக்குச் சாகப்போகிறார் என்று தினமும் காலையில் நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குக் காரணம் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது பட்டாபிராமில் ரயில்வே கேட்டுக்கு உள்பக்கம் குடியிருந்தோம். அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஸ்டேஷன், ஏறினால் நேராக அம்பத்தூர். ஆனாலும் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் மேல் ஆசை. வடக்கே மாற்றலாகிப் போன ஒரு ராணுவக்காரரிடமிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"ரயிலு கீறப்போ வண்டி இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா.

"ரயிலு அது நேரத்துக்குப் போவும். வண்டி என் நேரத்துக்குப் போவும்" என்றார் அப்பா.

வண்டி யார் நேரத்துக்கும் போகவில்லை. பெட்ரோலுக்குச் சமமாக எண்ணெய் குடித்தது. கிளப்பினால் பின்னால் நீலநீலமாகப் புகை. எதிர்வீட்டு அக்கா கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையில் கொடுக்காமல் தானே இன்ஜினைப் பிரிக்கப்போவதாக அப்பா அறிவித்தார். தொழிற்சாலையில் எத்தனையோ மிஷினைப் பிரித்துப் பூட்டிய கை, இது என்ன பிரமாதம் என்பது அவர் கணக்கு.

வெளியே மழை. அதனால் முன்னறையிலேயே வேலை ஆரம்பமானது. அம்மா பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பெரிய அலுமினியக் குண்டானை அவளைக் கேட்காமலே எடுத்து, அதில் மண்ணெண்ணெய் ஊற்றி, கழற்றிய பாகங்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். கழுவியதைத் துடைத்துத் தரையில் வைப்பார். சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எண் எழுதுவார். முதலில் கழன்றது ஒன்று, அடுத்தது இரண்டு. திரும்பப் பூட்டும்போது கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும், ஒரு திருகாணிகூட மிஞ்சாது என்பார். எங்கள் சிவப்பு சிமெண்ட் தரையில் நாற்பத்தேழு வெள்ளை வட்டங்கள் இருந்தன. நாங்கள் பின்வாசல் வழியாகப் போய்வந்தோம், சமையலறையில் சாப்பிட்டோம், மண்ணெண்ணெய் வாசனையோடு தூங்கினோம். வட்டத்தை யாரும் மிதிக்கக் கூடாது.

அண்ணன் மிதித்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, கால் எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாத வயது. பத்தொன்பதாம் வட்டத்திலிருந்த பேரிங் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அப்பா எழுந்துவந்து இடது கன்னத்தில் ஒரே ஒரு அறை விட்டார். கன்னத்தில் பாதி, காதில் பாதி. அண்ணன் அழவில்லை, தலையைச் சாய்த்துக் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அவன் திரும்பவே இல்லை. அம்மா எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விட்டாள். அப்பா கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நம் காலத்து அப்பாக்கள் பலரும் அப்படித்தான் இருந்தார்கள், நாமும் அதை ஒழுங்கு என்றே நினைத்து வளர்ந்தோம். ஆனால் அந்த அறையைப் பார்த்த நாளிலிருந்து அப்பாவின் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் நான் அறைக்குள் நுழைவேன்.

சிலிண்டர் தேய்ந்துபோயிருந்தது. அதைக் கடைந்து சரிசெய்யப் பூந்தமல்லியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரிடம் கொடுத்திருந்தார். வேலை குவிந்து கிடக்கிறது, பூஜை முடிந்த பிறகுதான் ஆகும் என்று பாய் சொல்லிவிட்டார். ஆக, ஆயுத பூஜை வந்தபோது எங்கள் வீட்டு முன்னறையில் இன்ஜின் நாற்பத்தேழு துண்டாகக் கிடந்தது.

அன்று காலை அப்பா தொழிற்சாலை பூஜைக்குப் போயிருந்தார். அம்மா அடுப்பில் சுண்டல் வைத்துவிட்டு, வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு.

"சந்தனம் கொழைச்சு வெச்சிருக்கேன். நீ போயி எல்லாத்துக்கும் பொட்டு வை. சாக்பீஸ மிதிச்சிடாத. ஒண்ணையும் உட்றாத" என்றாள்.

பெரிய வேலை கிடைத்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வட்டங்களுக்கு நடுவே விரல்நுனியில் நடந்தேன். சுத்தியல், ஸ்பானர், எங்கள் பள்ளிப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு இன்ஜின் பாகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டை இருக்கிற இடம்தான் நடு நெற்றி என்று நானே முடிவு செய்துகொண்டேன். முப்பத்தொன்றாம் வட்டத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பாகம் இருந்தது. அதன் ஓட்டையோ கம்மல் திருகு அளவுதான். விரலால் வைத்தால் பொட்டு வெளியே வழிந்து அசிங்கமாக இருந்தது. தீக்குச்சியில் சந்தனத்தை எடுத்து உள்ளே விட்டு, இன்னும் கொஞ்சம் விட்டு, விளிம்பு வரை நிரப்பி, மேலே அளவாகக் குங்குமம் வைத்தேன். நாற்பத்தேழில் அதுதான் அழகாக அமைந்தது.

அப்பா நெற்றிக் குங்குமமும் கையில் பொரிப் பொட்டலமுமாக வந்தார். அறையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இன்னாடி, எல்லாத்தையும் மாப்ள கோலத்துல குந்த வெச்சிருக்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். பொரி கிடைத்ததும் பெருமை மறந்துபோயிற்று.

அந்த வாரம் அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, காலை நேரங்களில் இன்ஜினின் அடிப்பாகத்தைப் பூட்டினார். நாங்கள் திரும்பிவரும்போது வட்டங்கள் காலியாகிக்கொண்டே வந்தன. அதே வாரம்தான் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். "சோறு போட்டாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா பக்கத்திலேயேதான் நிற்பார். குண்டானில் மண்ணெண்ணெய் ஊற்றியதற்குச் சண்டை என்று நானும் அண்ணனும் பேசிக்கொண்டோம். அந்தக் குண்டானை அம்மா புளி போட்டு மூன்று முறை தேய்த்தும் வாசனை போகவில்லை. அதனால் எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் சிலிண்டரைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். தொப்பி, வெற்றிலைச் சிவப்பு வாய், நல்ல சிரிப்பு. நான் அவருக்குத் தேநீர் கொண்டுபோனபோது அப்பா சத்தமாக ஒரு கேள்வி கேட்டார். அறையில் இருந்த மூன்று பேருக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

"ஏன் பாய், ஆயில் பம்பு ஓட்டை அட்ச்சிகினா இன்னா ஆவும்?"

"இன்னா சார், உனுக்குத் தெரியாததா" என்றார் பாய். "எண்ணெ மேல ஏறாது. காஞ்சிபோன இன்ஜினு கொஞ்ச தூரம் ஓடும், அப்பறம் கப்புனு புட்சிக்கும். பின்வீலு சுத்தாது. மேல குந்திகினு கீறவன் தூக்கி அட்ச்சிகினு போயி உழுவான். கேட்டாண்ட, தண்டவாளத்து மேல புட்சிகிச்சினு வெச்சிக்க, முட்ஞ்சிது."

"ஆயில் பம்பு எது அங்கிள்?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணு" என்றார் அப்பா. பாய் தரையைக் காட்டினார். "தோ, அந்த முப்பத்தொண்ணு போட்டுகிது பாரு, அதுலதான் இருந்திருக்கும். உங்க நைனா உள்ள மாட்டிட்டாரு."

முப்பத்தொன்றாம் வட்டம் காலியாக இருந்தது. சாக்பீஸ் கோடும் எண்ணும் மட்டும் இருந்தன, பக்கத்தில் துளி மஞ்சள் தீற்றல். தேநீர் டம்ளரைப் பாய் முன்னால் வைத்துவிட்டு நான் கொல்லைப்புறம் ஓடினேன்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணன் காது அப்போதும் சரியாகவில்லை. ஒரு பேரிங் உருண்டதற்கே அந்த அறை. இன்ஜினையே மறுபடி பிரிக்க வேண்டும் என்றால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அன்று சாயங்காலமே அப்பா கடைசி நட்டை முறுக்கி, கிக்கரை மிதித்து, வண்டியைக் கிளப்பிவிட்டார். புகையே இல்லை. தெருவே வந்து பார்த்தது, எதிர்வீட்டு அக்காகூடக் கை தட்டினாள். அப்பா குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவே இல்லை.

மறுநாளிலிருந்து அப்பாவுக்குக் காலை ஷிப்ட். அவர் கிளம்பியதும் நான் வாசல் கம்பிப் படலைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி நிற்பேன். வண்டிச் சத்தம் தெருக்கோடி வரை போகும், திரும்பும், கேட்டை நெருங்கும். கேட் திறந்திருந்தால் சத்தம் தடதடவென்று தண்டவாளத்தைத் தாண்டித் தேய்ந்து மறையும், நான் மூச்சு விடுவேன். கேட் மூடியிருந்தால் அப்பா இன்ஜினை அணைத்துவிடுவார், சத்தம் சட்டென்று நிற்கும். அணைத்தாரா, இன்ஜின் இறுகிக்கொண்டதா என்று இங்கிருந்து எப்படித் தெரியும்? ரயில் கூவிக்கொண்டு போகும். மறுபடி டுப் டுப் என்று சத்தம் கேட்கும்வரை நான் படல் கம்பியை விடமாட்டேன். என் உள்ளங்கையில் துருக்கறை ஏறியிருந்தது.

பள்ளிக்கூடத்திலும் நிம்மதி இல்லை. ரயில் ஒவ்வொரு முறை ஊதும்போதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். வாசலில் யாராவது ஆள் வந்து ஆசிரியையிடம் பேசினால், என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். சாயங்காலம் அப்பா வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். சோறு இறங்கவில்லை. இளைத்துவிட்டேன். அம்மா என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "வயித்துல பூச்சி" என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினாள். அன்று முழுக்க நான் கொல்லைப்புறத்துக்கும் வாசலுக்குமாக ஓடினேன். கொல்லையில் இருந்தபோதும் காது, வெளியே போயிருந்த அப்பாவின் வண்டிச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தது.

தீபாவளிக்கு முன் நசரத்பேட்டையில் பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு வந்தது. அப்பாவும் அம்மாவும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பெரியம்மா வீட்டில் அது தெரியக் கூடாது, அதனால் ஒன்றாகவே போக வேண்டும். அண்ணன் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டான். அப்பா, பின்னால் அம்மா, முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் நான் என்று ஏற்பாடு.

அப்பாவோடு இனி அம்மாவும் சாகப்போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார், அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள். கணக்கு நோட்டில் ஒரு துண்டு கிழித்து எச்சில் தொட்டு உருட்டினேன். அப்பா பலமுறை செய்ததைப் பார்த்திருக்கிறேன் இல்லையா, பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் மூடியை இழுத்தால் கையோடு வரும். உருட்டிய காகிதத்தை அதற்குள் நன்றாகத் திணித்து, முன்பு போலவே மாட்டிவிட்டேன்.

அப்பா மிதித்தார். வண்டி கிளம்பவில்லை. பத்து முறை, இருபது முறை மிதித்தார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"பெட்ரோலு வருதா, நெருப்பு வருதா. ரெண்டே விசயம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பானரை எடுத்தார். பெட்ரோல் குழாயைக் கழற்றினார், தாராளமாகக் கொட்டியது. பிளக்கைக் கழற்றினார், நன்றாகத்தான் இருந்தது. அதை இன்ஜின் மேல் வைத்துக்கொண்டு மிதித்தார், பொறி இல்லை. புதுப் பிளக் போட்டார், பொறி இல்லை. உப்புத்தாள் எடுத்து உள்ளே பொறிக்கு மின்சாரம் விடும் பாயிண்டைத் தேய்த்தார், பொறி இல்லை. ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி, நான் ஒளிந்திருக்கும் இடத்துக்கு நெருங்கி வந்துகொண்டே இருந்தார். அம்மா வளையல் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அப்பா பிளக் மூடிக்குள் விரலை விட்டார்.

காகிதத்தைப் பிரித்துப் படித்தார். ஏழேழு நாற்பத்தொன்பது என்று என் குண்டு எழுத்தில் இருந்தது.

அவர் திரும்பியபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வலது கையைத்தான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. பட்டுப்புடவை சரசரத்தது. அம்மா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் நேராக அவரிடம் பேசினாள்.

"நான்தான் வெக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"எனக்கு இந்த வண்டில ஏற பயமா கீது."

அப்பா குழாயையும் பிளக்கையும் பூட்டி, ஸ்பானரைத் தரையில் போட்டுவிட்டு, மூடியை மாட்டி ஒரே மிதியில் கிளப்பிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். எங்கே போனார் என்று தெரியாது. நாங்கள் பஸ்ஸில் போனோம். வழியில் எங்கே கூட்டம் கூடியிருந்தாலும் நான் ஜன்னலில் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். பெரியம்மா கேட்டபோது அவருக்கு ஷிப்ட் என்று அம்மா சொன்னாள். எனக்கும் இரண்டு கண்ணாடி வளையல் போட்டார்கள். அப்பா செத்துப்போனால் இதை உடைத்துவிடுவார்களோ என்று நினைத்ததுதான் அந்த வளைகாப்பில் எனக்கு ஞாபகம் இருப்பது.

சாயங்காலம் திரும்பியபோது வண்டி வாசலில் நின்றது. இன்ஜின் ஆறும்போது வரும் டிக் டிக் சத்தம் கேட்டது. சூடு என்று தெரிந்தும் கையை வைத்தேன். சுட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன். அடுத்த ஞாயிறு அம்மா மறுபடி விளக்கெண்ணெய் கொடுத்தாள்.

பம்பு அடைபடவே இல்லை, எண்ணெயே சந்தனத்தைக் கரைத்திருக்கும் என்று பெரியவளான பிறகு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் நான்கு வருடம் கழித்து அப்பா அந்த வண்டியை விற்ற அன்றுதான் நான் முழுதாக மூச்சு விட்டேன். அப்பா எழுபத்தெட்டு வயதில் கட்டிலில் படுத்தபடியே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அண்ணன் இன்றைக்கும் போனை வலது காதில்தான் வைத்துப் பேசுகிறான்.

அம்மா என்னோடு அம்பத்தூரில் இருக்கிறாள். இந்த வருட ஆயுத பூஜையன்று என் மகனின் வண்டிக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தோடு கீழே இறங்கினேன். அது கரண்டில் ஓடும் வண்டி. இன்ஜினே கிடையாது, ஒயர் செருக ஒரு துளை மட்டும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். நான் விரலில் சந்தனத்தை எடுத்ததும் சொன்னாள்.

"ஓட்ட கீற எடத்துல வெக்காதடி."

கை அப்படியே நின்றுவிட்டது. "உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"உங்கப்பா மாட்றதுக்கு மின்ன ஊதிப் பாத்தாரு. காத்து போவல. ஊசிய உட்டு நோண்டினா மஞ்சளா வருது. பொட்டு வெச்சது நான்தான்னு நெனச்சிகினு, என்னைச் சாவடிக்கப் பாத்தியான்னு குதிச்சாரு. நானும் உட்டுட்டேன். உன்னைச் சொன்னா உன் காதும் போயிடும். ரெண்டு மாசம் மொகம் குட்த்துப் பேசல மனுசன்."

அத்தனை வருடமும் குண்டானுக்காகச் சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாயிடம் அப்பா அவ்வளவு சத்தமாகக் கேட்டது சமையலறைக்குக் கேட்கத்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் வாங்க வேண்டியதை அம்மா அந்த வீட்டிலேயே, என் கண்முன்னாலேயே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"கொயந்த, பயந்துக்கப் போறியேன்னு சொல்லல" என்றாள். பிறகு, ஐம்பது வருடமாகக் கேட்க நினைத்து மறந்ததுபோல, "ஆமா, வளகாப்பு அன்னிக்கு அந்த பேப்பர இன்னாத்துக்கு வெச்ச நீ? உனுக்கு அங்க வரப் புடிக்கலன்னுல்ல நான் நெனச்சிகினேன்" என்றாள்.

சொன்னேன். படல், ரயில்வே கேட், ரயில் ஊதும்போதெல்லாம் பென்சிலைக் கீழே வைத்தது, நீயும் செத்துப்போவாய் என்று பயந்தது, எல்லாம் சொன்னேன். வண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அம்மா முழுவதையும் கேட்டாள். பார்வை மங்கிய கண்ணால் என் முகத்தைத் தேடினாள். பிறகு சந்தனம் பட்ட என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பூச்சின்னு நெனச்சி ரெண்டு வாட்டி வெளக்கெண்ண ஊத்தினனேடி" என்றாள்.